தலையாட்டினால் ஆமாம் என்று அர்த்தமில்லை

போன மாதம் ஆண்டு விழாவுக்காக என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி. சைகை மொழிபெயர்ப்பாளராக அங்கே வேலை பார்த்துத்தான் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முறையாகப் பட்டயப் படிப்பு முடித்தவர்கள். வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கவும் செய்கிறார்களாம்.

"காலேஜ், வேல, வூடு, மூணையும் எப்டிங்க மேடம் பேலன்ஸ் பண்ணீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கையில் நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன.

மூன்று இடத்திலும் ஒரே அளவு திட்டு வாங்கினேன், என் பேலன்ஸ் அதுதான் என்றேன். அவள் அதையும் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். இந்தப் பெண் எழுதுவதைவிட நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் பெயர் ரஷீதா. கள்ளக்குறிச்சியில் அத்தாவுக்கு வளையல் கடை. அண்ணன் சலீமுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் புதுப்புதுச் சைகைகளைக் கொண்டுவந்து எனக்குக் கற்றுக்கொடுப்பான். அவற்றில் பாதி கெட்ட வார்த்தை. தெரியாமல் அதில் ஒன்றைப் பெரியத்தாவிடம் செய்து காட்டினேன். அவர் அதை ஏதோ மரியாதை என்று நினைத்து, என் தலையில் கைவைத்து துஆ செய்தார். சலீம் அன்றைக்கு முழுவதும் சிரித்தான். என் பயிற்சிக்காலம் மொத்தமும் இவ்வளவுதான். சான்றிதழ் எல்லாம் கிடையாது.

பிளஸ் டூ முடித்து, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த இக்பாலைக் கல்யாணம் செய்து, மகள் ஆயிஷாவும் பிறந்த பிறகுதான் இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். தலைமையாசிரியை லூர்து மேடம். ஒல்லியாக இருப்பார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. மேசையில் ஒரு விரலால் இரண்டு முறை தட்டினால் நமக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

முதல் நாளே தட்டினார். என் இரண்டு கையிலும் டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல்.

"கழட்டிடு. பசங்க உன் கைய பாக்கணும், வளையல பாக்கக்கூடாது."

கழற்றினேன். அத்தாவுக்கு மனசு ஆறவில்லை. "வளையக் கடக்காரன் பொண்ணு வெறுங்கையோட கடத்தெருவுல போனா, எவம்மா என் கடைக்கு வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெருநாள் முடிந்து மருதாணிக் கையோடு போனபோது, சிவப்பு மங்கும் வரைக்கும் மேடம் என்னை வகுப்பில் விடவில்லை. பத்து நாள் ஸ்டோர் ரூமில் பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். ஆனால் என் கறுப்பு புர்கா அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "இது நல்லா கீது. கை எடுப்பா தெரியுது," என்றார். எங்கள் ஊரில் புர்காவை அந்தக் காரணத்துக்காகப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

அவர் மேற்பார்வை செய்யும் விதம் தனி. வகுப்பின் கடைசி பெஞ்சில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருவார். வாத்தியார் பேசுவது அவருக்குக் கேட்காது, என் கை மட்டும்தான் தெரியும். மணி அடித்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, அன்றைய பாடம் என்ன என்பதை எனக்கே ஒப்பிப்பார். அவர் சொல்வதில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, அங்கே நான் கோட்டை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஒருநாள் எந்த ஓட்டையும் இல்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். மேசையில் விரல் தட்டியது.

"இந்த வாரத்துல எத்தன தடவ 'புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க'ன்னு வாத்தியார்கிட்ட கேட்ட?"

"ஒரு தடவகூட இல்ல மேடம்," என்றேன் பெருமையாக.

"அப்ப எங்கியோ பொய் சொல்லிக்கினு இருந்திருக்க. எங்கன்னு யோசிச்சுப் பாரு."

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். காது கேளாதவர் சொல்வதை நாம் வாயால் சொல்லும்போது, 'அவருக்குத் தலை வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். பேசுவது அவர், நாம் வெறும் குரல். இந்தச் சட்டத்தை அப்படியே கடைப்பிடித்து ஒரு பெரியவருக்காக ஆஸ்பத்திரியில், "எனக்கு நாலு நாளா வெளிக்கிப் போகல," என்று சொன்னேன். டாக்டருக்குப் புரிந்தது. மருந்து கொடுக்கிறவருக்குப் புரியவில்லை. மாத்திரையை என் கையில் கொடுத்து, "நெறைய தண்ணி குடிக்கணும்மா," என்று பரிவோடு சொல்லி அனுப்பினார். பெரியவர் வெளியே வந்து, மாத்திரையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, என்னைவிட அதிகமாகச் சிரித்தார்.

கல்லூரிக்கு என்னை அனுப்பியதும் மேடம்தான். எங்கள் பள்ளியில் படித்த பவானிக்கு ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரத்தில் இடம் கிடைத்தது. திருநாவலூர்ப் பெண். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். வகுப்பில் அவளுக்குச் சைகையில் சொல்ல நான் போகவேண்டும்.

"எனக்கே பொருளாதாரம் தெரியாதே மேடம்," என்றேன்.

"அப்ப நீயும் படி. அஞ்சல் வழியில அதே பி.ஏ. அதே புஸ்தகம். நாளைக்கே அப்ளிகேஷன் போடு."

இப்படித்தான் முப்பத்திரண்டு வயதில் கல்லூரி மாணவி ஆனேன். காலையில் சமையல், ஆயிஷாவுக்கு ஜடை, பிறகு பவானியின் வகுப்பு, மத்தியானம் பள்ளி, வாரத்தில் ஒரு நாளாவது ஆஸ்பத்திரியோ ஏதாவது ஆபீஸோ, ஞாயிற்றுக்கிழமை எனக்கான நேர்முக வகுப்பு. வீட்டில் சலீமோடு பேசினால் தோசை கருகும். மற்ற பெண்கள் வாயால் பேசிக்கொண்டே கையால் வேலை செய்வார்கள். எனக்கு இரண்டுக்கும் இருப்பது அதே கைதான். "உன் பொண்டாட்டி யாரோட சண்ட போடறா?" என்று இக்பாலிடம் பக்கத்துக் கடைக்காரர் கேட்டாராம். நான் பஸ் ஸ்டாப்பில் நின்று அன்றைய பாடத்தைத் தனியாகக் கையால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வகுப்பில் கஷ்டம் வார்த்தைகளில்தான் இருந்தது. 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று பேராசிரியர் ஒரே மூச்சில் சொல்வார். அதற்குச் சைகைக்கு எங்கே போக? நான் வாழைப்பழம் சாப்பிட்டுக் காட்டினேன். முதல் பழம் ஆசையாக, இரண்டாவது சுமாராக, ஐந்தாவது பழத்தில் கண் பிதுங்கி, ஏழாவதில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவதுபோல. பவானிக்குப் புரிந்தது. காது கேட்கும் நாற்பது பேருக்கும் சேர்த்துப் புரிந்தது. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே நீங்களே எடுத்துடுங்கம்மா," என்றார். அவர் குரலில் முழுக்கப் பாராட்டுதான் இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் செய்த எனக்குப் பாடம் தலையில் நின்றிருக்க வேண்டும் அல்லவா? இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இது: காதில் வாங்கியது கை வழியாக வெளியே போய்விடும், நடுவில் மண்டையில் தங்காது. முதல் வருஷ முடிவு வந்தபோது, நான் சொல்லிக்கொடுத்த தாளில் பவானி எழுபத்தொன்று, நான் நாற்பத்திரண்டு. அவள் என் மார்க்கைப் பார்த்து, மூக்கின்மேல் விரல் வைத்து, 'பரவாயில்லை, எனக்கு நல்ல டீச்சர் கிடைத்தாள், பாவம் உனக்குக் கிடைக்கவில்லை' என்றாள். அதற்குப் பிறகு தேர்வுக்கு முன்னால் அவள்தான் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள். நாங்கள் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து இக்பால் டீ கொண்டுவந்து வைப்பார். உண்மையில் நான் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கோர்ட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு தாள் வந்தது. 'வாய் பேசாத, காது கேளாத எதிரிக்கு மொழிபெயர்க்க ஆள் தேவை' என்று எழுதியிருந்தது. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. யாருக்கு எதிரி, எதற்குச் சண்டை என்று கவலைப்பட்டுக்கொண்டே போனேன்.

அவர் பெயர் வெள்ளையன். கல்வராயன் மலையில், கரியாலூருக்கும் மேலே ஒரு சின்ன ஊர். முப்பது வயதிருக்கும். கரும்பு வெட்டுக்காகக் கீழே வந்தவர். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் ராஜமாணிக்கம் என்ற விவசாயியின் கிடேரிக் கன்றைத் திருடி, ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போய் விற்கப் பார்த்தார் என்று வழக்கு. விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும் எழுதியிருந்தது. அவரை ரிமாண்டில் வைத்திருந்தார்கள்.

முதலில் எனக்குச் சத்தியப் பிரமாணம். எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று சொன்னேன். என்னை நிற்கவைத்த இடத்துக்குப் பின்னால் ஜன்னல். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் என் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். எதிர்ப்பக்கம் நிற்கலாமா என்று கேட்டேன். பெஞ்ச் கிளார்க் நல்ல பருமனான மனிதர். அந்தப் பக்கம் இருந்த தன் நாற்காலியை நகர்த்த வேண்டியிருந்ததால் என்னை அன்றைக்கே அவருக்குப் பிடிக்காமல் போனது.

மாஜிஸ்திரேட் அவசரமே படாத மனிதர். ஒவ்வொரு வாக்கியம் எழுதுவதற்கும் பேனா மூடியைத் திறப்பார், எழுதுவார், மூடுவார். அடுத்த வாக்கியத்துக்குத் திரும்பத் திறப்பார். அவர் கோர்ட்டில் வழக்குகள் ஏன் தாமதமாகின்றன என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

"குற்றத்த ஒப்புக்கொள்கிறாரா, கேளுங்கம்மா," என்றார்.

நான் கன்று, கயிறு, நீ கொண்டுபோனது, ஆமாவா இல்லையா என்று காட்டினேன். வெள்ளையன் என்னைப் பார்த்துச் சிரித்து, வேகமாகத் தலையாட்டினார்.

"ஒப்புக்கொள்கிறேன் ஐயா," என்றேன்.

பேனா மூடி திறந்தது. அவர் எழுதத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் எனக்கு உறுத்தியது. நான் கேள்வி கேட்டபோது வெள்ளையன் என் கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார். கேள்வி முடிவதற்கு முன்பே தலையாட்டத் தொடங்கியிருந்தார். அந்தத் தலையாட்டலை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் வந்து சலீமிடம் வாயை அசைத்துப் பேசுவார்கள். அவன் புரியாமல், அவர்கள் மனசு நோகக் கூடாது என்று சிரித்துத் தலையாட்டுவான். அப்படித் தலையாட்டியே ஒருமுறை மாமி வீட்டுப் பூனைக்குட்டிகள் மூன்றை வளர்க்க ஒப்புக்கொண்டுவிட்டு வந்தான்.

வெள்ளையன் தலையாட்டிக்கொண்டிருந்தது பூனைக்குட்டிக்கு அல்ல, ஜெயிலுக்கு. நான் சொன்ன ஒரு வாக்கியம் மையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன வாக்கியம். தப்பு என்று சொன்னால் என்னைத் துரத்திவிடுவார்கள், பள்ளியின் பெயரும் போகும் என்ற பயம் ஒரு பக்கம்.

"ஐயா, நான் சொன்னது தப்புங்க."

பேனா நின்றது. "எது தப்பு?"

"ஒப்புக்கொள்கிறேன்னு சொன்னதுங்க. அவரு தலைய ஆட்டினாரு, அவ்ளோதான். கேட்டது அவருக்குப் புரிஞ்சுதான்னு எனக்குத் தெரியல."

அரசு வக்கீல் எழுந்தார். "தலையாட்டுனத நாங்க எல்லாரும் பாத்தோமே. இதுக்கு மேல இன்னா வேணும்?"

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"வேற ஒரு கேள்வி கேக்க அனுமதிக்கணும்ங்க."

"என்ன கேக்கப் போறீங்கன்னு எங்கிட்ட மொதல்ல சொல்லிட்டுக் கேளுங்க."

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இந்தக் கோர்ட்டுக்கு ஜட்ஜு நீதானான்னு அவரையே கேக்கறேங்க."

அனுமதி கொடுத்தார். கேட்டேன். மேடையைக் காட்டி, நாற்காலியைக் காட்டி, வெள்ளையனைக் காட்டினேன். முன்னைவிடச் சந்தோஷமாகத் தலையாட்டினார். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"அப்ப நான்தான் எழுந்து அவருக்கு எடம் கொடுக்கணும்," என்றார். பிறகு பேனாவைத் திறந்து, எழுதிய வரியை ஒரே கோட்டில் அடித்தார்.

வெள்ளையனுக்கு நாங்கள் படித்த சைகை மொழி தெரியாது. பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர். அவருக்கும் அவர் ஊருக்கும் இடையில் பழகிப்போன சைகைகள் மட்டுமே உண்டு. அவருடைய அக்கா சின்னபொண்ணுவின் பொறுப்பில் அவரை வெளியே விட்டு, அவரோடு பேச ஒரு வழி கண்டுபிடிக்கச் சொல்லி எனக்கும் ஒரு வாய்தா கொடுத்தார்கள்.

மலைக்குப் போகிறேன் என்றதும் லூர்து மேடம் மேசையைத் தட்டினார். "கேஸப் பத்தி ஒரு வார்த்த கேட்டுடாத. சைகைய கத்துக்கினு வா. கதைய கோர்ட்ல எல்லாரோடயும் சேந்து கேளு."

சலீமையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். நேர்முக வகுப்பு போனது. அதற்கான திட்டு அடுத்த வாரம் கிடைத்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்ததால், அண்ணனும் நானும் மேலே போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வாழ்க்கையிலேயே சண்டை இல்லாத பயணம் அதுதான்.

சின்னபொண்ணு தோட்டத்திலிருந்து நேராக வந்தாள். "அவனுக்கு எல்லாம் தெரியும்ங்க. ஊர்ல எல்லாரும் அவங்கிட்ட பேசுவோம். கீழ எறங்கினாத்தான் ஊமை ஆயிடறான்," என்றாள். சலீமும் வெள்ளையனும் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு சைகைகூட இல்லை. ஆனால் அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் என்னைக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் அன்றைக்கு முழுவதும் உட்கார்ந்து அறுபது சைகைகள் எழுதிக்கொண்டேன். தேன், கரடி, பஸ், மீசைக்காரர், நேற்று, நாளை, என்னுது, யாருது.

அடுத்த வாய்தா தேதியை என் தேர்வு அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். அதே நாள், அதே பத்து மணிக்கு எனக்குப் புள்ளியியல் தேர்வு. பெஞ்ச் கிளார்க்கிடம் போய்த் தேதி மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"மாத்தலாமே. கோட லீவு கழிச்சு போடலாம். அதுக்குள்ள ஐயா மாறிப் போனாலும் போவாரு," என்றார், நாற்காலியை மறக்காமல்.

பவானியிடம் சொன்னேன். அவள், 'நீ தேர்வு எழுதினாலும் புள்ளியியலில் தேற மாட்டாய். கோர்ட்டுக்குப் போ' என்றாள். இவ்வளவு நேர்மையான தோழிகள் எல்லாருக்கும் அமைவதில்லை. இக்பால் மட்டும்தான், "மூணு மாசமா படிச்சியே," என்று வருத்தப்பட்டார். போனேன். பத்து மணிக்கு ஹாலில் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அந்த நேரத்தில் சின்னபொண்ணு மலை இறங்கி வந்து, கோர்ட் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஏற்பாடு இப்படி: கேள்வியை நான் நடித்துக் காட்டுவேன். சின்னபொண்ணு அதை அவர்கள் ஊர்ச் சைகையில் சொல்வாள். அவர் பதிலை அவள் வாயால் சொல்ல, நானும் அப்படித்தான் பார்த்தேனா இல்லையா என்று சொல்வேன். அக்காவே தம்பிக்குப் பேசினால் எப்படி நம்புவது என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம்தான்.

மாஜிஸ்திரேட் எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். உள்ளே நடந்ததை வெள்ளையனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். வெள்ளையன் கையை ஆட்ட, சின்னபொண்ணு பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த வயிறு பெரிய ஐயாவோட சோத்து டப்பாவ தெறந்து காட்டினாங்களாம். மஞ்ச சோறாம். மொளகா வறுத்து வெச்சிருந்துதாம். அப்பறம் மூடி, அந்தப் பச்ச பீரோக்குள்ள வெச்சிட்டாங்களாம். அந்த ஐயாவுக்கு அது புடிக்கலயாம்."

"எல்லாம் சரி," என்றார் மாஜிஸ்திரேட். பெஞ்ச் கிளார்க் மட்டும் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா என்ற கேள்வி திரும்ப வந்தது. இந்த முறை வெள்ளையன் எங்கள் கையைப் பார்த்தார். கேள்வி முடியும்வரை காத்திருந்தார். பிறகு இல்லை என்று ஒரே ஒரு முறை தலையசைத்தார். எனக்கு அந்த வருஷம் ஒரு அரியர் விழுந்தது.

ராஜமாணிக்கம் சாட்சி சொல்ல வருவதற்குள் இன்னும் பல வாய்தாக்கள் ஓடின. அவர் நல்ல மனிதர். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார்.

"கண்ணுகுட்டிய காணம்னு தேடிக்கினு இருந்தேங்க. டீக்கட பக்கம் இவன் கயித்தப் புடிச்சிக்கினு நிக்கறான். வரவன் போறவன்கிட்ட எல்லாம் கைய நீட்டி காசு கேக்கறான். எங்கிட்டயே கேட்டான்ங்க."

"எப்படிக் கேட்டார், செஞ்சு காட்டுங்க," என்றார் மாஜிஸ்திரேட்.

ராஜமாணிக்கம் உள்ளங்கையை மேலே பார்த்து நீட்டினார். புருவத்தை உயர்த்தி, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டினார்.

நான் மொழிபெயர்க்கக் கையைத் தூக்குவதற்கு முன்பே வெள்ளையன் எழுந்துவிட்டார். அத்தனை வாய்தாவிலும் யாருடைய உதவியும் இல்லாமல் அவருக்குப் புரிந்த முதல் பேச்சு அது. விரலை நீட்டி ராஜமாணிக்கத்தையே காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார்.

"என்ன சொல்றாரு?"

"'உன்துதான், உன்துதான்'னு சொல்றான்ங்க," என்றாள் சின்னபொண்ணு.

"எது?"

"கண்ணுகுட்டிதாங்க. அவரு இப்ப 'யாருது'ன்னு கேட்டாரே, அதுக்கு பதிலு சொல்றான்."

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். மலையில் நான் எழுதிவைத்த அறுபதில் அதுவும் ஒன்று. "ஆமாங்க ஐயா. அவங்க ஊர்ல அது யாருதுன்னு அர்த்தம்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அவர் ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "வெல எவ்வளவு சொன்னார்? வெரல் எதாவது காட்டினாரா?"

"வெரலு ஒண்ணும் காட்டலீங்க."

"வெல சொல்லாம மாடு விக்கறவர நீங்க பாத்திருக்கீங்களா?"

ராஜமாணிக்கம் வாழ்நாளில் எத்தனையோ மாட்டுச் சந்தைகளைப் பார்த்தவர். "இல்லீங்க," என்றார். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெள்ளையனைப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "அன்னிக்கு கண்ணு ஒடம்பெல்லாம் சேறுங்க. வாய்க்கால் சேறு. கழுவி வுட்டது நாந்தான்."

பின்னால் ஒரு வாய்தாவில் வெள்ளையன் தன் தரப்பைச் சொன்னார். வாய்க்காலில் கன்று விழுந்து கிடந்தது. தண்ணீர் கழுத்து வரைக்கும். இறங்கித் தூக்கினார். கரும்பு கட்டும் கயிற்றைக் கழுத்தில் கட்டினார். யாருடையது என்று ஊரெல்லாம் கேட்டார். சிலர் சிரித்தார்கள், ஒருத்தர் சில்லறை போட்டார், கடைசியில் அடித்தார்கள். இதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அதை வாயால் சொல்ல முடியாமல் சின்னபொண்ணு இரண்டு முறை நிறுத்தினாள். பேனா மூடி திறந்தே இருந்தது.

அரியரோடு இழுத்த என் படிப்பும் மூன்று வருஷ வழக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் முடிந்தன. பவானி முதல் வகுப்பில் தேறி, ஒரு அலுவலகத்தில் வேலைக்குப் போய்விட்டாள். நான் புள்ளியியலை மூன்றாம் முறை எழுதி, வேண்டிய மார்க்கை மட்டும் சரியாக எடுத்துத் தேறினேன். பட்டத்தை வாங்கி வந்து லூர்து மேடத்திடம் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நல்லா கீது. திங்கக்கெழம எம்.ஏ. அப்ளிகேஷன் வாங்கிக்கினு வா," என்றார்.

தீர்ப்பு நாளில் வெள்ளையன் விடுதலை என்று மாஜிஸ்திரேட் வாசித்தார். என்னைப் பார்த்து, "சொல்லுங்கம்மா," என்றார். விடுதலை என்பதற்கு என் அறுபதில் சைகை இல்லை. சின்னபொண்ணுவைப் பார்த்தேன். அவள் தம்பியின் தோளைத் தொட்டு, மலைப்பக்கம் கையைக் காட்டி, வூட்டுக்குப் போகலாம் என்றாள்.

வெள்ளையன் வராந்தா வரைக்கும் வந்தவர் நின்றுவிட்டார். அங்கே தூண் ஓரமாக ராஜமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். தீர்ப்பைக் கேட்க வந்தவர், எப்படிப் பக்கத்தில் போவது என்று தெரியாமல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளையன் நேராக அவர் முன்னால் போய் நின்றார். முழங்கால் உயரத்துக்குக் கையைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

கன்று எப்படி இருக்கிறது என்கிறார் என்று சொல்வதற்காக நான் வேகமாகப் போனேன். அதற்குள் ராஜமாணிக்கம் துண்டைத் தோளில் போட்டுவிட்டார். கையைத் தன் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். பிறகு வயிற்றின் முன்னால் பெரிதாக ஒரு வளைவு போட்டார். ஒரு விரலைக் காட்டி, அந்தக் கையையே முழங்காலுக்குக் கீழே இறக்கினார். கடைசியாக இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பால் கறந்து காட்டினார். கறந்துகொண்டே அழுதார்.

ஒரு கன்று என்று காட்டிய அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வெள்ளையன் சிரித்தார். நான் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, சின்னபொண்ணுவுக்கு மலை பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்கப் போனேன்.